தொடக்க நிகழ்ச்சிகள்

ஊட்டியில் மலைச்சரிவு முன்னறிவிப்பு வாரியம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்று முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. ஆனால் சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கண் திறக்கும். ஆகையால், காலையில் சரிகிற மண்ணுக்கு வாரியம் பொறுப்பாகாது என்று ஒரு நடைமுறை உண்டாகியிருந்தது. மண் மட்டும் இந்த நடைமுறையைக் கடைப்பிடிக்கவில்லை.

ஆடி மழையில் சோலூர்ப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையை மண் இழுத்துக்கொண்டு போயிற்று. பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதன் பிறகு மெஷினைச் சரிபார்க்க ஆள் கூப்பிடலாம் என்று வாரியம் முடிவு செய்தது. கூப்பிடப்பட்டவன் ஜாகீர்.

ஜாகீர் மார்க்கெட் அருகே மாடிப்படிக்குக் கீழே ரிப்பேர் கடை வைத்திருந்தான். பெரிய கெட்டிக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கூப்பிட்ட உடனே வருவான், கேட்டதற்கெல்லாம் "சரிங்க" என்பான். இரண்டும் அவன் உடம்பிலேயே ஊறிய படபடப்பின் விளைவு. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. மெஷின் ஆன் ஆவதற்குள் காலை ஆட்டுவான், பையின் ஜிப்பைத் திறந்து மூடுவான், எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவான். மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்ததால் மனைவி அல்ஃபியா மகளைக் கூட்டிக்கொண்டு நடுவட்டத்தில் தன் அத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் ஆள் இல்லாததால் படபடப்பு இன்னும் ஒரு பங்கு கூடியிருந்தது.

"அரை மணி நேர வேலைதானுங்க" என்று சொல்லி அவனை உள்ளே கூட்டிப் போனாள் சுமலதா. அந்தக் கம்ப்யூட்டரின் ஆபரேட்டர் அவள். பட்டனை அமுக்கினாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு முறம் பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"மெஷின் வந்துரட்டுமேங்க" என்றான் ஜாகீர்.

"உரிச்சு முடிக்கறப்ப வந்துருமுங்க."

முதலில் திரையில் இரண்டு கைகள் கூப்பின. பிறகு ஒரு குத்துவிளக்கு வந்தது. அதற்கு ஐந்து முகம். ஒவ்வொரு திரியிலும் மௌஸைக் கொண்டுபோய் வைத்து ஏற்ற வேண்டும். கை நடுங்கினால் ஏற்றிய திரியும் அணைந்துவிடும். சுமலதா பூண்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏற்றிவிட்டுப் போனாள். அடுத்தது உறுதிமொழி. வரிக்கு வரி "ஏற்கிறேன்" என்று அமுக்க வேண்டும். அதற்கடுத்து இயக்குநர் சிவகுருவின் வரவேற்புரை, வீடியோவாக. நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து பேசுவார். பிறகு மூன்று வைரஸ் தடுப்புகள். மூன்று திட்டங்களில் வாங்கியவை. ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் வைரஸ் என்று பிடித்துவைத்து, விடுவிக்கட்டுமா என்று கேட்டது. எல்லாம் முடிந்து ஹார்ட் டிஸ்க் இரைத்து இளைத்த பிறகு, ஓரமாக, சின்னதாக, "சரிவு" என்ற மென்பொருள் திறந்தது. மழைமானிகளிடம் கணக்குக் கேட்டு, ஆபத்து இருந்தால் ஊராரின் போனுக்குச் செய்தி அனுப்புவது அதுதான்.

ஜாகீரால் தாங்க முடியவில்லை. அடிக்கடி கரண்ட் போய்ப் போய் ஆபரேட்டிங் சிஸ்டமும் அங்கங்கே உளுத்திருந்தது. பென் டிரைவைப் போட்டுக் கெட்டுப்போன ஃபைல்களைச் சரிசெய்தான். ரேமைக் கழற்றி, பூஞ்சையை ரப்பரால் தேய்த்து மாட்டினான். கடைசியாக, மெஷின் ஆன் ஆகும்போதே தானாக எழுந்திருக்கிற புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து, "சரிவு" ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினான். மறுபடி பட்டனை அமுக்கியபோது, சுமலதா கையிலிருந்த பூண்டுப் பல்லின் தோல் முழுசாக வருவதற்குள் மலைகளின் வரைபடம் திரையில் நின்றது. நடுவட்டம் மஞ்சளாக இருந்தது.

சுமலதா முறத்தைக் கீழே வைத்தாள். "இத்தனை சீக்கிரம் வந்துட்டா, இனிமே காலையில நான் என்னங்க பண்றது?"

"செய்தி அனுப்பலாமுங்க. பாருங்க, நடுவட்டம் மஞ்சளா இருக்குது. எம்மாமனார் அங்கதான் டீக்கடை வெச்சு, அதுலயே குடியிருக்காரு."

அவள் கையை மௌஸில் வைத்த நேரத்தில் நிர்வாக அலுவலர் நவநீதன் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்தும் பார்த்தார்.

"விளக்கு எங்க?"

"ஸ்டார்ட்டப் புரோகிராம் எல்லாத்தையும் நிறுத்தியிருக்கனுங்க சார்" என்றான் ஜாகீர் பெருமையாக.

"இங்க ஆட்சிமொழி தமிழுங்க. தமிழ்ல சொல்லுங்க."

ஜாகீர் யோசித்தான். "தொடக்க... நிகழ்ச்சிகள்ங்க. எல்லாத்தையும் எடுத்துட்டனுங்க."

"தொடக்க நிகழ்ச்சிகள ரத்துப் பண்ணிட்டீங்களா?" என்றார் நவநீதன் மெதுவாக. "யாரக் கேட்டு?"

கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு அவசரக் கூட்டம் கூட்டினார்கள். பழைய வெள்ளைக்காரன் பங்களா அது. கூட்ட அறையில் கணப்பு அடுப்பு இருந்தது, அதற்குள் கோப்புகள் இருந்தன. ஜாகீரை ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவன் கால் ஆட ஆரம்பித்தது.

"விளக்கேத்தாம ஒரு நல்ல காரியத்த ஆரம்பிப்பாங்களாங்க?" என்று நவநீதன் கேட்டார்.

"மண்ணு சரியறது நல்ல காரியமாங்க சார்?"

"சரியறது இல்லைங்க. அறிவிக்கறது நல்ல காரியந்தானே."

இயக்குநர் சிவகுரு தொண்டையைச் செருமினார். அவர் சாதாரணமாகக் கூப்பிடும்போதே மைக் முன்னால் நிற்பதுபோல இருக்கும். "தம்பி, மலை இன்னிக்கிச் சரியும், நாளைக்கிச் சரியாது. அது இயற்கை. ஆனா மரபு சரியக் கூடாது. என் வரவேற்புரை இல்லாம ஒரு முன்னறிவிப்பு வந்தா, அதை யார் வரவேற்பாங்க?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தொழில்நுட்பத் துணை இயக்குநர் ராஜகுமாரி மட்டும் ஆட்டவில்லை. ஜாகீர் நிறுத்திய புரோகிராம்களின் பட்டியல் அவன் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் நகலாக இருந்தது; அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளக்கு ஏன் உறுதிமொழிக்கு மேல இருக்குது?" என்றார்.

"அது சும்மா இங்கிலீஷ் எழுத்து வரிசைங்க மேடம். லேம்புக்கு அப்புறந்தான் பிளெட்ஜ்."

"எழுத்து வரிசைன்னாலும் உறுதிமொழி என்னோடது. விளக்கு நவநீதன் சாரோடது. நான் அவருக்கு ரெண்டு வருஷம் சீனியருங்க. இத்தன நாளா காலையில நான் அவருக்குப் பின்னாலதான் வந்துட்டிருந்தனா?"

அதற்குப் பிறகு கூட்டத்தில் மலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பட்டியல் கல்யாணப் பத்திரிகையாகிவிட்டது. யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்று சாயங்காலம் வரை போயிற்று. பட்டியலில் இல்லாதவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். கணக்குப் பிரிவு, தங்கள் சார்பில் ஒரு நன்றியுரையாவது காலையில் எழுந்திருக்க வேண்டும் என்றது. வண்டிப் பிரிவு, ஒரு ஜீப் குறுக்கே ஓடினால்கூடப் போதும் என்று இறங்கி வந்தது.

"சரி, 'சரிவு' எந்த இடத்துலங்க வருது?" என்று ஜாகீர் நடுவில் கேட்டான்.

நவநீதன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது வெளிக் கம்பெனிகிட்ட ஒப்பந்தத்துல வாங்கினது. தற்காலிகம். நாங்கெல்லாம் நிரந்தரம். தற்காலிகம் நிரந்தரத்துக்கு முந்தி எழுந்திரிக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

ஜாகீர் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தும் விட்டது. ஆனால் அதே மூச்சில் நவநீதன், வாரியத்தின் எல்லா மெஷின்களையும் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது என்றார். கடைப் பலகையில் "வாரியத்தின் அங்கீகாரம் பெற்றது" என்று எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஜாகீர் தன் மாடிப்படியை நினைத்தான். பலகையை நினைத்தான்.

"சரிங்க" என்றான்.

மறுநாள் முழுக்க அந்தச் "சரிங்க"வைச் செய்துகொண்டிருந்தான். பணிமூப்புப்படி வரிசை அமைத்தான். மறுபடி ஒரு விளக்கு, இன்னும் பெரியதாக. உறுதிமொழிக்கு ராஜகுமாரியின் படம். நன்றியுரை. ஜீப். ஊராருக்குப் போகிற செய்தியிலும் மரபு வேண்டும் என்று சிவகுரு சொன்னதால், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று எல்லாப் பெயர்களையும் பட்டங்களோடு செய்தியின் தலைப்பில் தட்டினான். ஒவ்வொரு பெயருக்கும் மெஷின் இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. வெளியே மழை நிற்கவே இல்லை.

பிற்பகலில் அல்ஃபியா போன் செய்தாள்.

"ஏனுங்க, கடைக்குப் பின்னால மேட்டுல இருந்து தண்ணி செஞ்சேத்து நிறத்துல வருது. அத்தா அதையே பாத்துட்டு நிக்கறாரு. நீங்க அந்த ஆபீஸ்லதான இருக்கீங்க? சரியுமா சரியாதான்னு கேட்டுச் சொல்லுங்க."

அவன் ராஜகுமாரியின் அறைக்குப் போய்க் கேட்டான். அவர் படித்தவர், மண்ணைப் பற்றிப் பெரிய பட்டம் வாங்கியவர். சேற்று நிறம் என்றதும் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு அதைச் சரிசெய்துகொண்டார்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க. நான் சொன்னா வதந்தி. கம்ப்யூட்டர் சொன்னாத்தான் அறிவிப்பு."

"கம்ப்யூட்டர் இன்னும் ஜீப்புலயே நிக்குதுங்க மேடம்."

"அப்ப அறிவிப்பு இல்லைன்னு அர்த்தம். அறிவிப்பு இல்லைன்னா ஆபத்து இல்லை. வீட்டுல தைரியமா இருக்கச் சொல்லுங்க."

ஜாகீர் அதை அப்படியே அல்ஃபியாவிடம் சொல்லவில்லை. "கேட்டுட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு ஜன்னலுக்கும் மெஷினுக்குமாக நடந்தான். சாயங்காலம் சோதனை ஓட்டம் நடந்தது; அதற்கு மட்டும் எல்லாம் யாரும் அமுக்காமல் தானாக ஓடும்படி வைத்திருந்தான். உறுதிமொழி பாதியில் இருக்கும்போதே ஆபீஸ் நேரம் முடிந்து எல்லோரும் குடையை விரித்தார்கள். பலகையில் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று பேச நவநீதன் கூப்பிட, ஜாகீரும் அவர் பின்னாலேயே படி இறங்கினான். அதன் பிறகு நடுவட்டத்துக்குப் போட்ட போன் எதுவும் போகவில்லை. டவரில் கரண்ட் இல்லை போல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வீட்டின் இரண்டு அறைகளிலும் மாறி மாறிப் படுத்துப் பார்த்தான்.

மறுநாள் "புதுப்பிக்கப்பட்ட கணினித் தொடக்க விழா". வாசலில் வாழைமரம். மெஷினைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். அதன் பிளக்கைக் கழற்றி, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். வாரியத் தலைவர் கீழே சமவெளியிலிருந்து வந்து, அதை எடுத்துச் சொருக வேண்டும். அதுவரை மெஷினை யாரும் தொடக் கூடாது.

வெகு நேரம் தலைவர் வரவில்லை. நவநீதன் போனில் பேசிவிட்டு வந்தார்.

"குன்னூர் ரோட்டுல நிக்கறாருங்க சார். எதிர்பாராத மண்சரிவாம்."

"அடடா" என்றார் சிவகுரு. "யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா கோத்தகிரி வழியா வந்திருப்பாரே."

யாரும் சிரிக்கவில்லை. சிவகுருவும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சுமலதா மட்டும் குனிந்து மேஜை விரிப்பைச் சரிசெய்தாள்.

ஜாகீர் அன்று காலையிலிருந்து நடுவட்டத்துக்கு அழைத்துக்கொண்டே இருந்தான். அல்ஃபியா, மாமனார் அயூப், பக்கத்துக் கடைக்காரர் என்று யாருக்கும் மணி அடிக்கவில்லை. அவன் காலின் ஆட்டத்தில் முன்வரிசை நாற்காலிகளே ஆடின. திடீரென்று எழுந்தான். தாம்பாளத்திலிருந்து பிளக்கை எடுத்துச் சொருகினான். ரிப்பன் குறுக்கே நிற்க, அதன் மேலேயே கையை விட்டுப் பட்டனை அமுக்கினான்.

"என்ன பண்றீங்க?" என்றார் நவநீதன்.

அதற்குள் அவன் சேஃப் மோடில் திறந்துவிட்டான். மெஷினுக்கு உயிர் மட்டும் இருக்கும், வேறெதுவும் எழுந்திருக்காது. விளக்கு இல்லை, உறுதிமொழி இல்லை, ஜீப் இல்லை. ரிப்பனுக்குப் பின்னால் வெறும் திரை அமைதியாக நின்றது. அவன் கையால் "சரிவு"வைத் திறந்து கடைசிக் கணக்கைப் பார்த்தான்.

நடுவட்டம் சிவப்பு. நேற்றுச் சாயங்காலமே சிவப்பு. எல்லோரும் குடை விரித்துப் போன பிறகு, உறுதிமொழியும் நன்றியுரையும் ஜீப்பும் ஒவ்வொன்றாக ஓடி முடிந்து, கடைசியில் அந்தத் தற்காலிகம் தனியாக எழுந்திருக்கிறது. மழைமானிகளைக் கேட்டிருக்கிறது. சிவப்பாகி, யாராவது பார்த்து அனுப்பச் சொல்வார்கள் என்று, காவல்காரர் மெயினை அணைக்கும் வரை வெற்று அறைக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

ராஜகுமாரி எழுந்து வந்து பார்த்தார். போய் உட்கார்ந்தார்.

"சார், சேஃப் மோடுலயே நெட்டையும் சேத்துத் திறக்கலாமுங்க. இப்பவே செய்தி போயிரும்" என்றான் ஜாகீர்.

"சேஃப் மோடுல எங்க பேரெல்லாம் எழுந்திரிக்குமா?" என்று சிவகுரு கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப அது யாருக்கு சேஃப்?"

நவநீதன் பிளக்கைப் பிடுங்கிக் கைக்குட்டையால் துடைத்து மறுபடி தாம்பாளத்தில் வைத்தார். ஆபத்து என்பதால் விதிவிலக்காக, தலைவருக்குப் பதிலாகச் சிவகுருவே தொடங்கிவைக்கலாம் என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. சிவகுரு பிளக்கைச் சொருகினார். கைத்தட்டல் முடிந்து திரையில் கைகள் கூப்பின. பெரிய விளக்கு வந்தது. அவர் மௌஸைப் பிடித்தார். அவர் கை மெல்ல நடுங்கியது; நாலாவது திரியில் எல்லாம் அணைந்தது. மறுபடி முதல் திரிக்குப் போனார்.

ஜாகீர் பையைக்கூட எடுக்கவில்லை. படியில் தாவி இறங்கி பைக்கை எடுத்தான்.

பைக்காராவுக்கு முன்னால் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. பைக்கைக் கிளைகளுக்கு அடியில் படுக்கப்போட்டு இழுத்தான். அதற்கப்புறம் பனியில் ரோடே தெரியவில்லை. ஒரு வளைவில் வண்டி சறுக்கி முழங்கால் கிழிந்தது. வலி தெரியவில்லை. "கேட்டுட்டிருக்கேன்" என்று நேற்று சொன்னதுதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. கேட்டுக்கொண்டா இருந்தான்? பெயர் தட்டிக்கொண்டிருந்தான்.

நடுவட்டத்தில் கடைகளுக்குப் பின்னால் இருந்த மேடு ரோட்டின் மேல் கிடந்தது. தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் அப்படியே இறங்கி வந்து நின்றிருந்தன. அயூப்பின் டீக்கடை இருந்த இடத்தில் செம்மண். மண்ணுக்கு வெளியே தகரக் கூரையின் ஒரு முனை. ஜாகீர் வண்டியைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தான்.

"அங்க யாரும் இல்ல மாப்ள."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட வாசலில், அயூப் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். பின்னால் அல்ஃபியா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஜாகீர் சேற்றிலேயே உட்கார்ந்தான்.

"நேத்துச் சாயங்காலம் கடைக் கதவு சாத்தல" என்றார் அயூப். "தள்ளித் தள்ளிப் பாத்தேன். நிலை கோணிப்போச்சு. சரி, ஊடு நகருதுன்னு தெரிஞ்சுது. எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கறவங்களையும் கூப்பிட்டு எல்லாரும் இங்க வந்துட்டோம். காலையில எறங்குச்சு."

அல்ஃபியா அவன் கையைப் பார்த்தாள். நகமெல்லாம் மண். "நீங்க கேட்டுச் சொல்றேன்னு சொன்னீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது டவருக்கு உயிர் வந்தது. முதலில் ஜாகீரின் போன் அடித்தது. நவநீதன்.

"எங்க போயிட்டீங்க? அஞ்சாவது திரி எரியவே மாட்டேங்குது. சுமலதா எப்படியோ தாண்டிட்டாங்க. செய்தி போயிருச்சு. நடுவட்டத்துல உயிர்ச்சேதம் இல்லைன்னு தகவல் வந்திருக்கு. எல்லாம் நம்ம முன்னறிவிப்பாலதான்னு இயக்குநர் பத்திரிகைக்குச் சொல்லிட்டாரு. உங்க ஒப்பந்தமும் தயாரா இருக்குது. வந்து கையெழுத்துப் போடுங்க."

ஜாகீர் போனை அணைத்தான். அதற்குள் வராந்தாவில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றுசேர்ந்து சிணுங்கின. லைனில் குடியிருக்கிற மருதாம்பாள், கொழுந்து பறிக்கிறவள், தன் போனை அவனிடம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க தம்பி. கண்ணாடி ஊட்டோட மண்ணுக்குள்ள போயிருச்சு."

அவன் வாசித்தான். நிறுத்த வழியில்லாமல் முழுக்க வாசித்தான். மலைச்சரிவு முன்னறிவிப்பு வாரியத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களின் நல்லாசியுடன், இயக்குநர் உயர்திரு சிவகுரு அவர்கள் தலைமையில், துணை இயக்குநர் முனைவர் ராஜகுமாரி அவர்கள் முன்னிலையில், நிர்வாக அலுவலர் திரு நவநீதன் அவர்களின் வாழ்த்துரையுடன், கணக்குப் பிரிவு, வண்டிப் பிரிவு நண்பர்களின் நன்றியறிதலுடன், பொதுமக்களுக்கு அன்புடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்.

அதோடு முடிந்திருந்தது. ஒரு செய்தியில் இத்தனை எழுத்துதான் போகும். மிச்சத்துக்கு இடம் இல்லை. தட்டிய அவனுக்கு அது தோன்றவே இல்லை.

மருதாம்பாள் பொறுமையாகக் காத்திருந்தாள். "அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

"பேரெல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள் அவள், போனை வாங்கிக்கொண்டே. "கல்யாணம் எங்க, எப்பன்னு போடலியே?"

ஜாகீர் ரோட்டின் மேல் கிடந்த மேட்டைப் பார்த்தான்.

"முடிஞ்சிருச்சுங்கக்கா" என்றான்.